ஜப்பான் காடை

பொங்கியண்ணன் மாதிரி மரியாதையாகப் பேசும் வீட்டுச் சொந்தக்காரரைக் கருமத்தம்பட்டி வட்டாரத்திலேயே பார்க்க முடியாது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி மிரட்டியபோதுகூட வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுத்தான் மிரட்டினார். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் லைன் வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஞானமுத்து விசைத்தறி ஓட்டுகிறார். நான் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மூன்று வருடமாகக் காடை வளர்த்தேன். முட்டை விற்பேன், கேட்டவர்களுக்கு அறுத்தும் கொடுப்பேன். முதல் தடவை கரண்டு போய்க் குஞ்சு பொரிக்கும் மெஷினில் வைத்த எழுபது முட்டையும் வீணானபோது உட்கார்ந்து அழுதேன். அப்புறம் கற்றுக்கொண்டேன். பதினெட்டாம் நாள் கட்டைவிரல் அளவுக் குஞ்சுகள் உள்ளே கீச்சிடும்போது, இது நான் செய்தது என்று ஒரு திமிர் வரும். என் அம்மா இதே தோட்டத்தில் களை வெட்டியவர். அந்தத் திமிருக்கு அதுவும் ஒரு காரணம்.

பொங்கியண்ணன் காடை கூட்டத்துக்காரர். காடைதான் அவர்கள் குலத்துப் பறவை. அவர்கள் வீட்டில் அதைக் கொல்லவும் மாட்டார்கள், தின்னவும் மாட்டார்கள். எங்களுக்கு அதையெல்லாம் யார் சொல்லப்போகிறார்கள்? கொட்டகை போட்ட பிறகுதான் தெரிந்தது. பதறிப்போய் அவரிடம் ஓடினேன். அவர் சிரித்தார்.

“அட, அது ஜப்பான் காடைங்க அம்மணி. நம்ம குலத்துக் காடை காட்டுல இருக்குதுங்க. இதுக்கும் அதுக்கும் என்னுங்க சம்பந்தம்? நீங்க பாட்டுக்கு வளத்துங்க.”

மூன்று வருடம் அது ஜப்பான் காடையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மகன் கதிர்வேலுக்கு முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையவில்லை. நாலாவது சம்பந்தமும் தட்டிப்போனதும் குலக்கோயிலுக்குப் போய் வாக்குக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் மண்ணிலேயே உங்கள் குலப்பறவையின் ரத்தம் சிந்துகிறது என்று வந்ததாம். மறுநாள் விடிந்தபோது என் காடைகளுக்கும் ஜப்பானுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

“தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. அத்தனையும் பறக்க உட்டுப்போடோணுங்க. நம்ம காட்டுலயே உட்டுரலாமுங்க. இல்லீனா நீங்க வேற ஊடு பாத்துக்கோணுங்க.”

“அண்ணா, இதுகளுக்கு மேயத் தெரியாதுங்க. மெஷின்ல பொரிச்சு, கம்பி மேலயே வளந்ததுங்க. தன் முட்டைய அடைகாக்கக்கூடத் தெரியாதுங்க. வெளிய உட்டா ஒண்ணும் மிஞ்சாதுங்க. ரண்டு நாள் பொறுங்க, பெரியநாயக்கன்பாளையத்துல ஒருத்தர் வளத்துறாருங்க. கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வாரேனுங்க.”

“அங்க போனா அறுத்துப்போடுவாங்கல்லங்க. அந்தப் பாவமும் எங்க தலையிலதானுங்களே உழுகும்.”

என் மகள் ஜோவிதாவுக்கு மறுவாரம் பிளஸ் டூ பரீட்சை. “ஊடு போச்சுன்னா புள்ளைய எங்க உக்கார வெச்சுப் படிக்கச் சொல்லுவே?” என்றார் ஞானமுத்து. நான் தலையாட்டினேன். அந்தப் பழியை யார் மேலும் போட மாட்டேன். தலையாட்டியது நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை, அறுப்பு முடிந்த சோளக்காட்டுக்குக் கூண்டுகளைத் தூக்கிப் போனோம். முந்நூற்றுப் பன்னிரண்டு உருப்படி. பொங்கியண்ணன் குளித்து வேட்டி கட்டி வந்து கற்பூரம் காட்டினார். கதிர்வேல் கையால் கூண்டுகளைத் திறக்க வைத்தார்.

“போங்க சாமி, போங்க.”

காடைக்கும் ‘ங்க’தான். ஆனால் அவை போகவில்லை. கதவு திறந்த கூண்டுக்குள்ளேயே நின்று எங்களைப் பார்த்தன. கடைசியில் கூண்டைச் சாய்த்து உதறினார்கள். மண்ணில் விழுந்தவை அங்கேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. சில நெட்டுக்குத்தாக எம்பிப் பறந்து, நாலடி தள்ளி விழுந்தன. தீனித்தட்டு எங்கே என்று தேடினவோ என்னவோ, வெறும் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தன.

முதலில் காக்கைகள் வந்தன. அப்புறம் தோட்டத்து நாய்கள் இரண்டும் வந்தன. நான் கத்திக்கொண்டு கல்லெடுத்து ஓடினேன். முந்நூற்றை ஒருத்தி எந்தப் பக்கம் காப்பாற்றுவது? பொங்கியண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றார்.

அரைமணி நேரத்தில் காடெல்லாம் இறகு. குடல் சரிந்தும், இறக்கை பிய்ந்தும் பல துடித்துக்கொண்டிருந்தன. அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைத் திருகினேன். வலி தெரியாமல் முடிக்க என் கைக்குத் தெரியும்.

அப்போதுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

“அய்யோ, என்னுங்க அம்மணி இது! எங்க கண்ணு முன்னாலயே கொல்றீங்களே. நெஞ்சுல ஈரமே இல்லீங்களா?”

நான் அடுத்ததை எடுத்தேன். அதற்கு இன்னும் உயிர் இருந்தது.