கழுத்தைப் பிடித்த பேச்சு

“போன எடுத்துக் கையில குடுங்க சேர், நான் பாட்டுக்கு—”

“கண்ண மூடுங்க. போன் அந்த மேசையிலயே—”

“—படுத்துக் கெடப்பேன். ஒங்களுக்கு என்ன எடஞ்சல்?”

“எனக்கில்ல அண்ணே. ஒங்க கழுத்துக்குத்தான் எடஞ்சல்.”

பதுளை பஜாரில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், கட்டிலில் மல்லாந்து கிடந்தான் தங்கராஜா. தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலை வேலை அவனுக்கு. தலைமாட்டில் உட்கார்ந்து அவன் தலையை இரு உள்ளங்கைகளிலும் ஏந்தியிருந்தார் ஷிராஸ். பிசியோதெரபி செய்கிறவர். விரல் நுனிகளை மண்டையின் அடியில் ஊன்றி, இழுத்தும் இழுக்காமலும் வைத்திருந்தார்.

“தலைய என் கையில விடுங்க.”

“விட்டுட்டேனே.”

“விடல்ல. இன்னும் நீங்கதான் தூக்கிட்டு இருக்கீங்க.”

மேசையில் போன் அதிர்ந்தது. தங்கராஜா அசையவில்லை, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். ஆனாலும் ஷிராஸின் விரல்களுக்கு அடியில் பிடரித் தசை கயிறாக முறுக்கேறியது.

“பாத்தீங்களா. மூட்ட தூக்குன வலின்னு மொத நாளு சொன்னீங்க. மூட்டயா மெசேஜ் அனுப்புது?”

தங்கராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் கழுத்து சுண்டி இழுத்தது.

“பொஞ்சாதி சேர். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கா.”

“அப்ப பேசுங்க. போன நேரா தூக்கிப் பிடிச்சு மொகத்தப் பாத்துப் பேசுங்க. குனிஞ்சுக்கிட்டு ராவெல்லாம் டைப் பண்றீங்கன்னு கழுத்தே சொல்லுதே.”

“லயத்துல இருந்து பாத்திருந்தா இப்பிடிக் கேக்க மாட்டீங்க.”

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. லயமென்றால் ஒரே தகரக் கூரைக்கு அடியில் வரிசையாக வீடுகள். நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. அடுத்த வீடு அவனுடைய அண்ணன் வீடு. அண்ணி சந்திரகாந்தி பொல்லாதவள் அல்ல. காது இருக்கிறது, கேட்கிறது. கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான். ஒரு நாள் அவன் போனில், “கண்ணு, சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டான். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் வரிசையாக நின்று, “கண்ணு, சாப்ட்டியா?” என்று அவனைக் கேட்டார்கள். கணக்கப்பிள்ளையும் கேட்டார். அன்றோடு பேச்சு போயிற்று. விளக்கை அணைத்துப் போர்வைக்குள் சுருண்டு, நாடி நெஞ்சில் முட்ட எழுதுவதுதான் இப்போது குடும்பம் நடத்துகிற விதம்.

“ஹெட்செட் போட்டுக்கலாமே?”

“அவ பேசுறது என் காதோட போயிரும். நான் பேசுறது?”

ஷிராஸ் கட்டை விரலைத் தோளில் அழுத்தி, கழுத்தை நோக்கி மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் தங்கராஜாவுக்குக் கண்ணில் நீர் தெறித்தது. விரல் அங்கேயே நின்றது. கொஞ்ச நேரத்தில், உள்ளே ஏதோ முடிச்சு தளர்ந்த மாதிரி இதமாக இருந்தது. அந்த இதத்தில் வாய் தானாகத் திறந்தது.

“ரெண்டு வருஷம் முடியப் போவுது சேர். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லுதாம் அந்த வீட்டம்மா. வெள்ளிக்கெழம கையெழுத்துப் போடணும். நீங்க என்ன சொல்றீங்கன்னு எழுதிக் கேட்டிருக்கா.”

“என்ன எழுதுனீங்க?”

“வந்துருன்னு அடிப்பேன், அழிப்பேன். ஒன் இஷ்டம்னு அடிப்பேன். அதையும் அழிச்சிருவேன்.”

“இதுக்கா விடிய விடியக் குனிஞ்சு கெடக்குறீங்க?”

“வரல்லன்னு அவ சொல்லிட்டான்னா? அங்க அவளுக்குன்னு ஒரு ரூம் இருக்கு, கதவச் சாத்திக்கிறலாம். நம்மகிட்ட என்ன இருக்கு? வாய் விட்டுக் கேட்டு அவ மாட்டேன்னா, லயமே கேட்டுக்கிட்டு இருக்கும் சேர்.”

ஷிராஸ் அவன் தலையை மெல்லத் தலையணையில் இறக்கினார்.

“எங்கையால ஆவுறது அர மணித்தியாலத்துக்குத்தான் அண்ணே. வீட்டுக்குப் போயி திரும்பவும் குனிஞ்சீங்கன்னா அடுத்த கெழம இதே எடத்துல இதே மாதிரி அமுக்குவேன். அந்தக் கேள்விய நான் அமுக்கி எடுக்க ஏலாது.”

தெமோதரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கழுத்து லேசாக இருந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். எவ்வளவு காலமாக இந்தப் பாதையில் போய்வருகிறோம், எதிர்மலையில் புதிதாக ஒரு வீதி வெட்டியிருப்பதைக்கூடப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அடுத்த பக்கம் அண்ணன் வீட்டு டீவியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. தங்கராஜா அலுமாரியின் மேல்தட்டில் போனைக் கண்ணுக்கு நேராகச் சாய்த்து வைத்து, வீடியோவில் அவளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, எதிரே நின்றான். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் சுதர்சினியின் முகம் வந்தது. ஈரக் கையால் நெற்றியைத் துடைத்தாள்.

“என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?”

அவன் கூப்பிட்டால் சாவுச் செய்தி என்று பயப்படுகிற அளவுக்கு ஆகிவிட்டிருந்தது.

“யாருக்கும் ஒன்னுமில்ல. சும்மாதான் எடுத்தேன்.”

“சும்மாவா? மெதுவா பேசுங்க, பக்கத்து வீட்டுல அக்கா இருப்பாங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் டீவிச் சத்தம் குறைந்தது. சந்திரகாந்தி மூச்சு விடுவதுகூடக் கேட்கும் போலிருந்தது. ‘வந்துரு’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அவள் முகத்தைப் பார்த்தான். இத்தனை நாளும் எழுதி எழுதி அழித்ததெல்லாம் தன் ஆசையைத்தான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

“அண்ணி இருந்தா இருக்கட்டும். ஒனக்கு வரணும்னு இருக்கா, சுதர்சினி?”