பின்னறைச் செருமல்

பள்ளி ஆலோசகருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘பேச்சு மிஸ்’. உண்மையில் அவர் அதிகம் பேசமாட்டார். விளையாட்டுச் சாமான்கள் கிடந்த அறையை ஒழித்து அவருக்குக் கொடுத்திருந்தார்கள். பந்துகளின் ரப்பர் வாசம் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. மூலையில் ஒரு காலி வாளி, நாலைந்து குட்டி நாற்காலிகள், கையில் மாட்டிப் பேசவைக்கும் துணிக்கரடி ஒன்று. கரடிக்கு ஒரு காது தொங்கும்.

ஒரு மதியம் இரண்டாம் வகுப்பு ஆசிரியை உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“மேடம், எங்க வகுப்பு வாண்டு தினமும் பாதி ரொட்டியை மூடி வைக்கறான். கேட்டா ‘அப்பாவுக்கு’ங்கறான். அவங்க அப்பா போன மழைக்காலத்துலேயே தவறிட்டாரு. பின்ரூம்ல இருக்காராம். சாயங்காலம் செருமுவாராம்.”

“பயப்படறானா?”

“அவன் எங்க பயப்படறான்? நான்தான் நேத்து விளக்கைப் போட்டுக்கிட்டே தூங்கினேன்.”

வாண்டின் அக்கா அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. அவளைக் கூப்பிட வேண்டும் என்று மிஸ் நினைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அவளே வந்து நின்றாள். கண்களுக்குக் கீழே கருப்பு படிந்திருந்தது.

“மிஸ், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

அப்பா லாரி ஓட்டியவர். வாசலில் நின்று இரண்டு முறை செருமிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அந்தச் சத்தம் கேட்டால் டிவி அணையும், புத்தகம் திறக்கும், தட்டு காலியாகும். அவர் போனபின் தம்பி சோற்றைத் தொடவே மறுத்தான். துணிக்கடை வேலை முடிந்து அம்மா வர இருட்டிவிடும். ஒரு சாயங்காலம் வேறு வழி தெரியாமல் இவள் பின்னறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு அப்பாவைப் போலச் செருமினாள். தம்பி தட்டை இழுத்துச் சாப்பிட்டான். அன்றிலிருந்து தினமும்.

“மதியம் மிச்சம் வச்ச ரொட்டியைத் தட்டுல வச்சுக் கதவிடுக்குல தள்ளுவான். தட்டு காலியா வெளிய வரணும்ல? அதனால நானே சாப்பிட்டுருவேன்.” அவள் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “நிறுத்தவும் தெரியல மிஸ். நிறுத்தினா அவனுக்கு அப்பா ரெண்டாவது தடவை செத்துருவாரு.”

“இதைத் தூக்கிக்கிட்டு இத்தனை நாள் இருந்திருக்கே. இன்னிக்கு என்னம்மா ஆச்சு?”

“நேத்து எனக்குக் காய்ச்சல். பின்ரூம்ல படுத்து அழுதுட்டிருந்தேன். நான் செருமவே இல்ல.” அவள் மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா செருமல் கேட்டுது மிஸ். ரெண்டு தடவை. வாசல்ல, அப்பா நிக்கற இடத்துல. என் குரல் மாதிரி இல்ல. தடிச்ச குரல். பயத்துல எழுந்து, தம்பி தள்ளின தட்டுல இருந்ததை முழுசாச் சாப்பிட்டுட்டேன். நான் பொய்யாக் கூப்பிட்டேன், அவரு நெஜமா வந்துட்டாரு.”

பேய் இல்லை, பிசாசு இல்லை என்று மிஸ் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை கையை விடாமல் வைத்திருந்தார். மனசுக்குள் ஒரு சிறு பிரார்த்தனை ஓடியது.

மதியம் வாண்டு வந்தான். மிஸ் கரடியைக் கையில் மாட்டிக்கொண்டார்.

“உங்க வீட்டுல செருமறது யாருப்பா?” என்றது கரடி.

வாண்டு யோசித்தான். பிறகு மூலைக்குப் போய் வாளிக்குள் முகத்தை நுழைத்துச் செருமினான். ஏழு வயதுத் தொண்டையிலிருந்து ஒரு கனத்த ஆணின் குரல் எழுந்து சுவரில் மோதியது. மிஸ்ஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அவன் ஓடிவந்து கரடியின் தொங்கும் காதில் ரகசியம் சொன்னான். “நேத்து அக்கா அழுதா. அவளுக்குச் செரும யாருமில்ல. அதான் நான் வாசல்ல வாளிய வச்சுச் செருமினேன்.”

“பின்ரூம்ல செருமறது?”

“அது அக்கா. கதவுக்கடியில கால் தெரியும். பேய்க்குத்தான் காலே கெடையாதே!”

“அப்போ ரொட்டி?”

“அக்காவுக்குத்தான். அப்பா போனதுலேருந்து அவ டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவருவா. அப்பாவுக்குன்னு வச்சா மட்டும் சாப்பிடுவா.”

மிஸ் கரடியைக் கழற்றி மடியில் வைத்தார். அந்த அறையில் ஒருவர் சொன்னதை அவர் இன்னொருவரிடம் சொல்வதில்லை. அதனால் கேட்டார்: “இதை அக்காகிட்ட நீயே சொல்றியா? நான் பக்கத்துல இருக்கேன்.”

அவன் தலையாட்டியதும் மிஸ் கூப்பிட்டனுப்ப, அக்கா வந்து உட்கார்ந்தாள். வாண்டு வாளியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதற்குள் இரண்டு முறை செருமினான்.

அவள் முகம் வெளிறியது. பிறகு புரிந்தது. “டேய், படுவா!” என்று அடிக்க ஓங்கிய கை அவனை அணைத்துக்கொண்டது. அழுகையும் சிரிப்புமாய் வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

ஆண்டவனுக்குப் பெரிய பெரிய அற்புதங்களைவிட இந்த மாதிரிக் கள்ளத்தனங்களில்தான் பிரியம் அதிகம் என்று மிஸ்ஸுக்குத் தோன்றியது.

“சாயங்காலம் அம்மாகிட்ட நாம மூணு பேரும் சேர்ந்து பேசலாம். இனிமே வீட்டுல அப்பாவைப் பத்தி வாய்விட்டே பேசுங்க. சரியா?”

அக்கா தலையாட்டினாள். வாண்டு அவள் முகத்தையே பார்த்தான்.

“இனிமே நீ பின்ரூமுக்குப் போகவேணாம்க்கா. நீ எதிர்ல உக்காந்து சாப்பிடு, நானும் சாப்பிடறேன்.”

அவன் டப்பாவைத் திறந்தான். மீதி ரொட்டி இருந்தது. அதைப் பிய்த்துப் பெரிய துண்டை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி, பகல் வெளிச்சத்தில், அவன் கண்ணெதிரே தின்னத் தொடங்கினாள்.