மதிலுக்கு மேலே ஒரு படகு

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு மதில். செம்பாக்கம் ஏரி நிரம்பி எங்கள் குடியிருப்பின் மதில் இடிந்த அன்று, கோவளத்து மீனவப் பெண் முத்தாலம்மாளின் ஃபைபர் படகு லாரியில் வந்து, அந்த இடைவெளி வழியாக நுழைந்து எங்களை மீட்டது. வெள்ளம் வடிந்ததும் சங்கச் செயலாளர் சாம்பசிவன் முதல் வேலையாக மதிலைக் கட்டி முடித்தார். படகு உள்ளேயே இருந்தது. கேட்டில் நுழையாது.

(இதைக் கற்பனை என்றால் நம்ப மாட்டீர்கள். கற்பனைதான்.)

2

முதல் தொடக்கம்: "பன்னிரண்டு டன் கிரேன் அந்தப் படகைப் பூப்போலத் தூக்கி—"

அடித்துவிட்டேன். கிரேன் இயக்கும் கோதண்டம் ஒத்துக்கொள்ளவில்லை.

"சார், பன்னண்டு டன்னு எழுதிக்கீறது வண்டி பக்கத்துல தூக்கறதுக்கு. ஒரு குடம் தண்ணிய இடுப்புல வச்சிகினு நடந்துடலாம். அதையே கைய நீட்டிப் புடிச்சிகினு நில்லு, பாக்கலாம்!"

லாரியின் முதுகில் பொருத்திய கிரேன் அது. இரும்புக் கால்களை விரித்து ஊன்றிய பிறகே தூக்கும். மதிலுக்கு வெளியே, அதை ஒட்டி மழைநீர் வடிகால். அதன் மூடிமேல் கால் ஊன்றினால் உள்ளே போய்விடும். ஆகவே வண்டி தள்ளி நின்றது, கை நீண்டது. அவ்வளவு நீட்டினால் ஒன்றரை டன்தான் தாங்கும் என்றது கேபினில் ஒட்டியிருந்த அட்டவணை.

படகுக்குள்ளோ மழைநீர். ஒரு சாண் எழும்பியதுமே அலாரம் அலறியது. கோதண்டம் இறக்கிவிட்டார்.

3

(சாம்பசிவனை வில்லனாக்கப் பார்த்தேன். வரவில்லை. வெள்ளத்தன்று மனைவி பட்டுவை மார்போடு அணைத்துத் தூக்கி இதே படகில் ஏற்றியவர் அவர்.)

"பாத்துப்பா, புது மதில்!" என்றார்.

"சார், உங்க செவுரு வுழுந்தா கொத்தனாரு வருவாரு," என்றாள் முத்தாலம்மாள். "எங்க வூட்டுக்கு இந்த ஒரு போட்டுதான். அது வுழுந்து ஒடைஞ்சா, கடலு நடந்து இங்க வருமா?"

சாம்பசிவன் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு பக்கெட்டோடு படகில் ஏறினார். பின்னாலேயே பட்டு ஏறினார். பிறகு நான் ஏறினேன்; எழுத்தாளன் குறிப்பெடுத்துக்கொண்டு நிற்க முடியாத கட்டம் அது. சேறும் நீருமாக முக்கால் மணி நேரம் இறைத்தோம். இன்ஜினையும் கழற்றி இறக்கினோம்.

4

மறுபடி ஒரு சாண். எல்லோரும் கேபினைப் பார்த்தோம்.

அலாரம் பேசவில்லை!

"கீழ யாரும் நிக்காதீங்க! ஓரம் போ, ஓரம் போ!" என்று கத்தினார் கோதண்டம்.

படகு ஏறியது. இரண்டு பெல்ட்டுகளில் தொங்கி, முதல் மாடி பால்கனியைத் தாண்டி, திரும்பி, மதிலுக்கு நேர் மேலே வந்தது. அது சுழலாமலிருக்க, முனையில் கட்டிய கயிற்றைத் தள்ளி நின்று பிடித்திருந்தாள் முத்தாலம்மாள். அப்போது ஏரிப்பக்கமிருந்து ஒரு காற்று.

முடிவு ஒன்று: படகு பத்திரமாக லாரியில்—

முடிவு இரண்டு: பெல்ட் ஒரு விரற்கடை நழுவி—

இரண்டில் எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை. வாசகரே, கிரேனின் லீவரை உங்களிடம் தருகிறேன். பளு வண்டியை நெருங்க நெருங்கக் கிரேனுக்குத் தெம்பு கூடும். ஆகவே அதன் கையை நீட்டாதீர்கள்; உயர்த்துங்கள். அவள் கயிற்றை விடாமல் உங்களைத்தான் பார்க்கிறாள்.

"இன்னா யோசன? தூக்கு நைனா, தூக்கு!"