இரண்டே நாளில் பதில் போடும் பேராசிரியர்

இறந்துபோன மனிதருக்கு விருதைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய் நின்றவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அன்று அந்த வாசலில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டுமானப் பொருட்களைப் பற்றிய ஓர் ஆய்விதழின் அலுவலகத்தை இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறேன். சிமென்டைப் பற்றி எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்களை விரட்டுவது. ஒரு கட்டுரை வந்தால் அந்தத் துறையில் தேர்ந்த இரண்டு பேருக்கு அனுப்புவோம். அவர்கள் படித்துப் பார்த்து, போடலாம், கூடாது என்று எழுதித் தருவார்கள். மதிப்பீட்டாளர் என்று பெயர். சம்பளம் கிடையாது. யார் மதிப்பிட்டார் என்று எழுதியவருக்குச் சொல்லவும் மாட்டோம். சும்மா செய்கிற வேலையை எவர் நேரத்துக்கு முடிப்பார்? மூன்று மாதம் இழுப்பார்கள். ஆயிரம் சாக்கு சொல்வார்கள். ஒருவருக்கு மாமனார் மட்டும் மூன்று தடவை இறந்திருக்கிறார்.

இந்த லட்சணத்தில் ஒருவர் இரண்டே நாளில் பதில் போட்டால் தலையில் வைத்துக் கொண்டாட மாட்டேனா? ஓய்வுபெற்ற பேராசிரியர், கான்கிரீட்டில் கரைகண்டவர். முன்பெல்லாம் அவரும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு நான்கு பக்கத்துக்குக் கட்டுரையைக் கிழிகிழியென்று கிழிப்பார். போன வருடத்திலிருந்து ஆளே மாறிவிட்டார். ஒன்பது கட்டுரை, ஒன்பதும் இரண்டு நாளில், ஒன்பதுக்கும் ‘நல்ல கட்டுரை, வெளியிடலாம்.’ வயதானால் மனசு இளகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி!

அவர் என் தம்பிக்கு ஆசிரியர். தம்பி பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறான், அவரிடம்தான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினான். அந்த ஒன்பதும் அவன் கல்லூரியிலிருந்து வந்தவை, இரண்டில் அவன் பெயரே இருந்தது. மாணவன் எழுதியதை ஆசிரியருக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. கட்டுரை அனுப்புகிறவர்கள் மதிப்பீட்டாளர் பெயரைத் தாங்களே பரிந்துரைக்கலாம், அவர்கள் அவர் பெயரைக் கொடுத்தார்கள். சீக்கிரம் வருகிறதே என்ற சந்தோஷத்தில் நான் விதியைக் காற்றில் விட்டேன். “உங்க சார் தங்கமான மனுஷன்டா” என்று சொல்லும்போதெல்லாம் தம்பி “ஆமாக்கா” என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

வருடக் கடைசியில் சிறந்த மதிப்பீட்டாளர் விருதை அவருக்கே கொடுப்பதென்று முடிவாயிற்று. மெயில் அனுப்பினோம். ‘உடல்நிலை காரணமாகப் பயணம் இயலாது, என் மாணவரிடம் கொடுத்தனுப்பினால் போதும்’ என்று பதில் வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய கோப்பில் அவர் முகவரி இருந்தது, அதே ஊரில் எனக்கு ஒரு கல்யாணமும் இருந்தது. சொல்லாமல் போய் நிற்கலாம், மனுஷர் சந்தோஷப்படுவார் என்று கேடயத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. எழுபது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். அவர் கேடயத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவர் தவறி ஒன்றரை வருஷமாச்சேம்மா.”

“இல்லையே! முந்தாநாள்கூட மெயில் போட்டாரே!” என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் உள்ளே சுவரில் அந்தப் படம் கண்ணில் பட்டது. கீழே இரண்டு தேதிகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மாள்தான் என் கையைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். துக்கம் நடந்த வீட்டில் துக்கக்காரர் எனக்குத் தேறுதல் சொல்கிறார், எப்படி இருக்கிறது பாருங்கள்.

விருதுக் குறிப்புக்காகக் கொண்டுபோயிருந்த மதிப்பீடு ஒன்றை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

“இது அவர் எழுதினது இல்ல. முப்பது வருஷமா அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடிச்சேன். நல்ல கட்டுரைன்னு ஒரு ஜீவனுக்கும் அவர் எழுதினதில்ல. என் சமையலையே நல்லாயிருக்குன்னு சொன்னதில்லம்மா.”

“அப்ப அவரோட மெயிலு?”

“அதையெல்லாம் அப்பவே மூடியாச்சு. அவரோட மாணவன் ஒருத்தன், நாலு நாள் என் கூடவே இருந்தான். பாஸ்வேர்டு எழுதி வச்ச நோட்டை அவன் கையிலதான் கொடுத்தேன். எல்லாத்தையும் மூடிட்டேம்மா, இனிமே கவலைப்படாதீங்கன்னு சொன்னான். படிக்கிற காலத்துல எத்தனை நாள் என் கையால சாப்பிட்டிருக்கான்! வலது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும், பாவம், சின்ன வயசுல சைக்கிள்லேருந்து விழுந்தானாம்.”

அந்த சைக்கிளை ஓட்டியவள் நான். பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு ஆறு வயது. அவன் நெற்றி ரத்தத்தை என் பாவாடையால் துடைத்தது ஞாபகம் வந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு வாரம் பயிற்சி வகுப்பு என்று வெளியூர் போனானே, அதுவும் ஞாபகம் வந்தது. என் தம்பிதான் என்று சொல்ல வாய் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

“யாரோ அவர் பேர்ல எழுதியிருக்காங்க. அவர் எழுதலைன்னு உங்க இதழ்ல அச்சுல போடணும். ஒரு கையெழுத்துக்கு நாலு நாள் யோசிக்கிற மனுஷன்மா அவர். எனக்கு அது மட்டும் செஞ்சு கொடுங்க.”

“போடறோம்மா” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அந்த அறிவிப்பு அச்சில் வந்தால் தம்பியின் வேலை போய்விடும். வராவிட்டால் செத்தவர் பெயர் போகும்.

கல்யாணமாவது ஒன்றாவது! அடுத்த பஸ்ஸைப் பிடித்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான்.

“உங்க சார் செத்து எத்தனை நாளாச்சு?”

பேனா நின்றது. “அக்கா, கத்தாதே. உள்ள பாப்பா தூங்குது.”

“ஏன்டா, உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணியிருக்கியே, நீ மனுஷனா?”

“மூடத்தான்க்கா நினைச்சேன். அன்னைக்கே உங்க ஆபீஸ்லேருந்து ஒரு கட்டுரை வந்துச்சு, எங்க ஆளு எழுதினது. ஒண்ணுதானேன்னு...” தலையைக் குனிந்துகொண்டான். “நான் என்ன சாருக்குக் கெட்ட பேரா வாங்கிக் கொடுத்தேன்? எல்லாரையும் நல்லபடியாத்தானே எழுதினேன்.”

விட்டேன் ஒரு அறை. நாற்பத்தோரு வயது ஆளை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பனை. அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். “வேலை போயிடும்க்கா. நீ வாய் திறக்கலைன்னா யாருக்கும் தெரியாதுக்கா.”

அம்மா போனபோது இவனுக்கு ஒன்பது வயது. அதற்கப்புறம் தலை பின்னிக்கொள்ளக்கூட எனக்கு நேரமில்லாமல் இவனை வளர்த்தேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா சொன்னதில்லை. கை எரிச்சல் அடங்குவதற்குள் மனசு இளகிவிட்டது.

“இங்க பாரு. எங்க ஆபீஸ் முறைப்படி நாளைக்கு சார் மெயிலுக்கு ஒரு கேள்வி வரும். இந்த ஒன்பதையும் நீங்கதான் எழுதினீங்களான்னு. அதுக்கு உன் மெயில்லேருந்து, உன் பேர்ல, நான்தான் எழுதினேன்னு பதில் போடு. நீயா ஒத்துக்கிட்டா நானும் உன் பக்கத்துல நின்னு என் தப்பையும் சொல்றேன். வேலை போனா போகட்டும், பாத்துக்கலாம்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். நம்பினேன்.

மறுநாள் காலை இதழின் ஆசிரியரிடம் பேராசிரியர் இறந்துபோன விஷயத்தை மட்டும் சொன்னேன். அலுவலகத்தில் அவரைப் பெரியவர் என்போம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“செத்துட்டாரா? விருதுக்கு நன்றின்னு எழுதியிருந்தாரேம்மா!” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அச்சுல வந்த ஒன்பதையும் செல்லாதுன்னு திரும்பப் பெறணும்னா நாம கடையை மூட வேண்டியதுதான். அந்த அம்மாவுக்கு நல்லபடியா ஒரு கடிதம் எழுதிடு, போதும். ரெண்டுல உன் தம்பி பேரும் இருக்கு, அவனுக்கும் அதான் நல்லது.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் எனக்கு அப்பாடா என்றிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று ஒருவர் சொல்லும்போது, மறைக்க வேண்டியது நம் வீட்டுப் பூசணிக்காய் என்றால் சோறு பரிமாற நாமே ஓடுகிறோம். ஆனாலும் அவர் மனைவி சொன்னதையும் குறிப்பிட்டுக் கேள்வியை அனுப்பினேன். தம்பி ஒத்துக்கொண்டு எழுதிவிட்டால் பெரியவரால் எதையும் மூட முடியாது, என் வாயாலும் அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். பேராசிரியரின் மெயில்.

‘மதிப்பிற்குரிய அம்மையீர், தாங்கள் குறிப்பிட்ட ஒன்பது மதிப்பீடுகளும் நானே எழுதியவை. உறுதி கூறுகிறேன். நான் இறந்துவிட்டதாக வந்த செய்தி தவறானது, என் மனைவிக்குச் சில காலமாக நினைவுத் தடுமாற்றம் உள்ளது. தங்கள் அலுவலகத்தின் நேர்மையை நான் நன்கு அறிவேன்.’

அடப்பாவி! மூன்று முறை படித்தேன். இறந்தவர் பெயரைத் திருடியது போதாதென்று, பெற்ற பிள்ளைக்குப் போடுவது போலச் சோறு போட்டவரைப் புத்தி பேதலித்தவர் ஆக்கிவிட்டான். அதையும் என்னிடமே எழுதுகிறான், கன்னத்தில் என் விரல் பதிந்த தடம் இன்னும் இருந்திருக்கும். நான் வளர்த்தது இதைத்தானா? அழுகை வரவில்லை.

அந்த மெயிலை அச்செடுத்துப் பெரியவர் முன்னால் வைத்து, எழுதியது என் தம்பி என்றும் சொன்னேன். “செத்தவர் உயிரோட இருக்கேன்னு எழுதியிருக்கார். இதை நம்பினதா நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. இல்லைன்னா அவர் எழுதலைன்னு இதழ்ல அறிவிப்பு போடுங்க.” அவர் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. அறிவிப்பை எழுதச் சொன்னார். ஒன்பது கட்டுரைகள் திரும்பப் பெறப்படுகின்றன, பேராசிரியர் இவற்றில் ஒன்றையும் மதிப்பிடவில்லை, மாணவனின் கட்டுரையை ஆசிரியருக்கு அனுப்பிய தவறு அலுவலகப் பொறுப்பாளருடையது. கடைசி வரியை நானே சேர்த்தேன். தம்பியின் கல்லூரிக்கும் ஒரு கடிதம் போயிற்று.

பிறகு அந்த அம்மாளுக்குப் போன் செய்தேன்.

“அம்மா, அச்சுல வருது. அவர் எழுதலைன்னு தெளிவா போட்டிருக்கோம்.”

“நல்லா இருப்பீங்கம்மா. யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சுதா?”

“மெயிலை மூடிட்டேன்னு சொன்னாரே ஒருத்தர், அவர் மூடலைம்மா. அவர்தான்.”

“இருக்காதும்மா. யாரோ உங்ககிட்ட தப்பா சொல்லியிருக்காங்க. அந்தப் பிள்ளையை உங்களுக்குத் தெரியாது.”

“தெரியும்மா.”

“எப்படித் தெரியும்? அவன் உங்களுக்கு என்ன வேணும்?”

“கூடப் பிறந்தவன்” என்றேன்.