கோடு வரைக்கும்

ஒரே வீட்டில் ஒரு மாஸ்டரும் ஒரு டீச்சரும் இருந்தார்கள், படிக்கத்தான் ஆளில்லை. அவர்களே சொல்லிச் சிரித்துக்கொள்ளும் ஜோக்குதான், அதனால் நாமும் சொல்லலாம். அவர் மாணவர் விடுதியில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவர், ஆகையால் எல்லோருக்கும் மாஸ்டர். அவள் ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

குழந்தை விஷயத்தில் கடைசி டாக்டரும் கையை விரித்த வருஷம்தான் டீச்சர் அந்தத் தொட்டியை வாங்கினாள். நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. பவளம் வளர்க்க. அதற்குக் கடல்தண்ணீர் வேண்டும். வடிகட்டிய நல்ல தண்ணீரில் உப்புப் பொடியை அளந்து கலந்து அவளே தயாரிப்பாள். முதல் ஆறு வாரம் உள்ளே கல்லும் மணலும்தான் கிடந்தன.

"மீனே இல்லாத தொட்டிக்கு விளக்கென்ன, பம்பென்ன! எனக்கு ஒரு நாளாவது இந்த உபசாரம் நடந்திருக்கா?" என்று மாஸ்டர் அங்கலாய்த்தார்.

"தண்ணி பழகணும் மாஸ்டர். அவசரப்பட்டா உள்ள விடுறதெல்லாம் செத்துடும்."

பிறகு ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி கோமாளி மீன் வந்தது. கட்டைவிரல் நகம் அளவில் பவளத் துண்டுகள் வந்தன. ஒவ்வொன்றையும் பசை வைத்துக் கல்லில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். நீள நீளமாக இழைகளை விரித்து ஆடுகிற ஒன்றுக்குத் தலைவிரிச்சி என்று பெயர். பதினோரு வருஷத்தில் அது இரண்டு கையாலும் ஏந்துகிற அளவு வளர்ந்து, கோமாளி ஜோடிக்கே வீடாகிவிட்டது. டீச்சருக்கும் இடுப்பு வரைக்கும் முடி. "வீட்ல ரெண்டு தலைவிரிச்சி" என்பார் மாஸ்டர், வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மாஸ்டர் விடிவதற்கு முன்னால் விடுதிக்குக் கிளம்பினால் மத்தியானம் வந்து படுப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. அன்றைக்கு டீச்சர் தொட்டியிலிருந்து இரண்டு வாளி பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, நீல டிரம்மில் உப்புப் பொடி கலக்கிப் புதுத் தண்ணீர் ஊற்றுவாள். டிரம்மைத் தூக்கிக் கொடுப்பது மாஸ்டரின் வேலை. அவர் பார்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான். மற்ற ஆறு நாளும் அவள் பள்ளிக்குப் போகுமுன் தொட்டிக்கு என்ன செய்தாள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை. மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

டீச்சருக்கு ரத்தப் புற்று என்று ஒரு புதன்கிழமை தெரிந்தது. வியாழக்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பையை அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "மீனுக்கு ஒரு சிட்டிக தீனி போதும். தண்ணி தினமும் கொறையும் மாஸ்டர். கண்ணாடியில சிவப்பா கோடு போட்டிருக்கேன் பாருங்க, அது வரைக்கும் ஊத்திடுங்க. உங்களுக்குத் தெரியாததா, சமையல்காரராச்சே."

அது நகப்பூச்சால் போட்ட கோடு. ஏதோ கைதவறிச் சிந்தியது என்று நினைத்து ஒரு தடவை அவர் அதைச் சுரண்டப் போய்த் திட்டு வாங்கியிருந்தார்.

மறுநாளிலிருந்து அவர் கண்ணும் கருத்துமாக ஊற்றினார். விடுதியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நீல டிரம்மில் உப்புப் பொடியை அளந்து போட்டு, அரை மணி நேரம் கலக்கி, கோடு வரைக்கும் நிரப்பினார். தினமும் நாலு லிட்டர். உப்பு அளவில் அவர் கை தவறியதே இல்லை. பிறகு குளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் தலைவிரிச்சி பாதிதான் விரிந்தது. சிவப்புப் பொத்தான் பவளங்கள் மூடியவை மூடியபடியே கிடந்தன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. தண்ணீர் போதவில்லையோ என்று மாஸ்டர் காலையும் மாலையும் கோட்டைச் சரிபார்த்து ஊற்றினார். ஐயோ பாவமே, ஊற்ற ஊற்ற அது சுருங்கியது.

ஆஸ்பத்திரியில் டீச்சர் தினமும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தலைவிரிச்சி விரிஞ்சாளா?"

அவளுக்கு அந்த வாரம்தான் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, மிச்சத்தை அவள் தங்கச்சியே மழித்துவிட்டிருந்தாள். அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்று எந்தப் புருஷன் சொல்லுவான்? மாஸ்டர் போனைத் துழாவினார். போன கோடையில் டீச்சரே எடுத்து அவருக்கு அனுப்பிய ஒரு நிமிஷ வீடியோ இருந்தது. தலைவிரிச்சி ஆட, ஜோடி உள்ளே புரண்டுகொண்டிருந்தது.

"இன்னைக்குக் காலையில எடுத்தேன். பாரு, எப்படி ஆடுறா!"

அவள் போனைக் கண்ணருகே பிடித்து நாலு தடவை பார்த்தாள். "நல்லா இருக்கு மாஸ்டர்" என்றாள். மறுநாளும் அதையே காட்டினார். அதற்கு மறுநாளும் அதே. தங்கச்சி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

மூன்றாம் வாரக் கடைசியில் தலைவிரிச்சியின் சதை கொழகொழவென்று கழன்று விழுந்தது. உள்ளே வெள்ளை எலும்புக்கூடுதான் மிச்சம். ஜோடியில் பெரிய மீன் பக்கவாட்டில் மிதந்தது. மாஸ்டர் ஓடிப்போய் மீன்கடைக்காரரைக் கையோடு கூட்டிவந்தார்.

கடைக்காரர் அலமாரியிலிருந்து உப்பு அளக்கிற ஒரு சின்னக் குழலை எடுத்தார். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய விளையாட்டுச் சாமான் என்று மாஸ்டர் நினைத்திருந்தது அது. அதன் நுனியில் தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தவர் திரும்பினார்.

"மாஸ்டர், தினமும் என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"உப்புத் தண்ணிதான். அளந்துதான் கலக்குறேன். கோடு வரைக்கும்."

"தினமுமா?"

"ஆமா. கடல் மீனாச்சே?"

கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வெறும் தண்ணிதான ஆவியாப் போகுது? உப்பு எங்க போகும் மாஸ்டர்? கொறைஞ்சதுக்குப் பச்சத் தண்ணிதான ஊத்தணும்! உப்புத் தண்ணி வாரத்துல ஒரு நாள், பழச எடுத்துட்டு ஊத்தும்போது மட்டும்."

மாஸ்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று காலையில்தான் விடுதிச் சமையல்கட்டில் ஒருத்தனை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தார்: "சூப்பு வத்துனா பச்சத் தண்ணி ஊத்துடா! உப்பு உள்ளதான இருக்கு, காலு மொளைச்சு ஓடிடுமா?" முப்பது வருஷமாகக் கத்துகிற கத்தல். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வெள்ளைக் கேனில் அவள் நிரப்பி வைத்த வடிகட்டிய தண்ணீர் பாதிதான் மிச்சம் இருந்தது. அதை அவர் எடுத்துக் குடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரேயடியா மாத்தாதீங்க. நாளுக்குக் கொஞ்சமா இறக்கணும்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடைக்காரர் போனார். அந்தத் தொட்டியில் உயிரோடு மிஞ்சியது சின்னக் கோமாளியும், மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு காளான் பவளமும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டீச்சர் கேட்டாள். மாஸ்டர் போனை எடுத்தார்.

"குடுங்க" என்று வாங்கியவள் வீடியோவைப் பாதியில் நிறுத்தினாள். "இங்க பாருங்க மாஸ்டர். கண்ணாடியில என்ன தெரியுது?"

அவர் இத்தனை நாளும் பவளத்தை மட்டுமே பார்த்திருந்தார். இப்போதுதான் அதற்குப் பின்னால் கண்ணாடியில் லேசாக விழுந்திருந்த உருவம் தெரிந்தது. போனைத் தூக்கிப் பிடித்தபடி டீச்சர் நின்றிருந்தாள். தோள்வழியாக முன்னால் போட்ட பின்னல் இடுப்பு வரை தொங்கியது.

"பழைய வீடியோன்னு மொத நாளே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் டீச்சர் தினமும் கேட்ட?"

"என் முடியப் பாக்கணும்போல இருந்துச்சு" என்றாள்.

மாஸ்டர் உடைந்து போனார். வார்டு என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுது, உப்பு டிரம்மிலிருந்து எலும்புக்கூடு வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த டீச்சருக்கு முதலில் கண் நிறைந்தது. பதினோரு வருஷம் இல்லையா? பிறகு எங்கிருந்து வந்ததோ, சிரிப்பு வந்துவிட்டது.

"சமையல்காரராம்! முந்நூறு பேருக்குச் சமைக்கிறாராம்!"

"உன் ஞாயித்துக்கெழமை மட்டும்தான் எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார் அவர். "மத்த நாள்ல நீ என்ன பண்ணுவன்னு நான் பாத்ததே இல்ல. இப்பச் சொல்லு. திங்கக்கெழமையிலிருந்து சொல்லு."

அவள் விரல்விட்டுச் சொன்னாள். தினமும் காலையில் முதல் வேலை வெள்ளைக் கேன் தண்ணீர், கோடு வரைக்கும். அதன்பின் திங்கள் பழைய பிளாஸ்டிக் அட்டையால் கண்ணாடிப் பாசியைச் சுரண்டுவது. செவ்வாய் பவளங்களுக்குச் சொட்டுக் குழாயால் ஊட்டுவது, சின்னதுக்கு முதலில், இல்லையென்றால் மீன் பிடுங்கிவிடும். புதன் வடிகட்டித் துணியைச் சோப்பில்லாமல் அலசுவது. வியாழன் மருந்துச் சொட்டு விட்டுத் தண்ணீரின் நிறம் பார்ப்பது. மூச்சு வாங்கியது, தங்கச்சி தண்ணீர் கொடுத்தாள்.

"வெள்ளிக்கெழமை?"

"வெள்ளிக்கெழமை ஒண்ணு பண்ணுவேன். சொன்னா சிரிப்பீங்க." அவளுக்குக் கண் செருகியது. "களைப்பா இருக்கு. நாளைக்குச் சொல்றேன், போங்க."

அன்று சாயங்காலமே காய்ச்சல் ஏறியது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. நாலாம் நாள் போய்விட்டாள்.

மாஸ்டர் விடுதியில் கெஞ்சிக் கூத்தாடி மத்தியான வேலைக்கு மாறிக்கொண்டார். இப்போது காலையில் வீட்டில் இருக்கிறார். தண்ணீர் சரியாகிவிட்டது, காளான் பவளம் ஒன்று மூன்றாகியிருக்கிறது. சின்னக் கோமாளி மட்டும் தலைவிரிச்சி இருந்த வெள்ளைக் கல்லைவிட்டு நகருவதில்லை. திங்கள் சுரண்டுகிறார், செவ்வாய் ஊட்டுகிறார், புதன் அலசுகிறார், வியாழன் நிறம் பார்க்கிறார்.

டீச்சரின் பள்ளிப் பையில் ஒரு நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு நாளுக்கும் தொட்டி வேலை எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு நேரே ஒரு டிக் மட்டும்தான். பதினோரு வருஷமும் ஒன்றுகூட விடவில்லை. தங்கச்சியைக் கேட்டார், பள்ளியில் டீச்சரோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "வெள்ளிக்கிழமைன்னு தனியா ஒரு வேலையும் கெடையாதே மாஸ்டர்" என்றார் மீன்கடைக்காரர்.

வெள்ளிக்கிழமை வந்தால் மாஸ்டர் வெள்ளைக் கேனைத் தூக்கிக் கோடு வரைக்கும் ஊற்றுகிறார். கேனைக் கீழே வைக்கிறார். அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் தொட்டி முன்னால் நிற்கிறார்.

"என்ன பண்ணுவ டீச்சர்?" என்கிறார். "சொல்லு, சிரிக்க மாட்டேன்."