காமில் மச்சானின் பங்கு

பதுளை பஜாரில் காமிலை விடப் பருத்த மனிதர் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பலசரக்குக் கடைக்காரன் எலும்பும் தோலுமாக நின்றால் எந்தக் கங்காணி அவனை நம்பி அரிசி எடுப்பான் என்று கேட்பார். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அவர் கடையிலிருந்துதான் வண்டி வண்டியாகச் சாமான் ஏறியது. இடுப்பில் அவர் கட்டும் பச்சை வாருக்கு இரண்டு ஆள் தோல் வேண்டும் என்று பஜாரில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் மரியாதைதான் அதிகம். ஆள் பெருத்தால் வீடு செழிப்பு என்று நினைத்த ஊர் அது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மத்தியானம், மூச்சு வாங்க வாங்க மர்ஸூக்கின் துணிக்கடைக்குள் நுழைந்து, "மச்சான், கதவக் கொஞ்சம் சாத்துங்க" என்றார். மர்ஸூக் அவருடைய தங்கை ஸகீனாவின் புருஷன். காமிலை விட ஆறு வயது இளையவர். விறகுக் கட்டை போல மெலிந்தவர்.

"டாக்குத்தர்ட்ட போய்ட்டு வாறன். சீனி வருத்தமாம். நெஞ்சும் சரியில்லியாம்" என்றார் காமில். செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார். செருப்பு வார் கடித்த புண் பெருவிரலில் இரண்டு மாதமாக ஆறாமல் கிடந்தது. "ஒடம்பக் கொறச்சாத்தான் இந்தக் கால் தப்புமாம். சோத்தப் பாதியாக்கட்டாம். இனிப்புத் தொடவே ஏலாதாம். தெனம் நடக்கட்டாம். இல்லாட்டி வெட்டோணும்னு மொகத்துக்கு நேர சென்னாரு."

"ராத்தாட்ட சென்னீங்களா?" என்று காமிலின் மனைவியைக் குறித்துக் கேட்டார் மர்ஸூக்.

"சென்னன். வீட்டுல அவள் குரக்கன் ரொட்டியும் பாவக்காச் சாறும் தருவாள். ரஹ்மத்தும்மா கையில நான் தப்ப ஏலாது. வெளியிலதான் எனக்குப் பயம், மச்சான். சஹன்ல உக்காந்தா என்ட கை என்ட பேச்சக் கேக்காது."

மர்ஸூக்குக்குப் புரிந்தது. விருந்து என்றால் ஆளுக்கொரு தட்டா போடுகிறார்கள்? ஆறு பேர் வட்டமாக உட்கார, நடுவில் சஹன் என்கிற அந்தப் பெரிய தட்டு வரும். மலை போல நெய்ச்சோறு, மேலே இறைச்சி, பிறகு இனிப்புக்கு வட்டலப்பம். அவரவர் தன் முன்னால் இருக்கும் பங்கைத் தின்று முடிக்க வேண்டும். மிச்சம் வைப்பது விருந்து தந்தவனுக்கு அவமானம். பக்கத்தில் இருப்பவனின் பங்கில் கை வைப்பது தின்கிறவனுக்கு அவமானம். கலியாணம், இறந்தவருக்கு ஓதும் கத்தம், மவ்லிது, சுன்னத்து என்று வாரத்துக்கு ஒரு சஹனாவது காமிலுக்குக் காத்திருந்தது. அவரைக் கூப்பிடாத வீடு ஏது?

"இது ஊருக்குத் தெரியவும் கூடாது. ஒங்கட மகளுக்குப் பண்டாரவளையில பேச்சு நடக்குது. தாய்மாமனுக்கு இப்படி ஒரு வருத்தம்னா, குடும்பத்துலயே ஈக்கிதுன்னு திரும்பிப் போயிடுவாங்க. நீங்க என்ட வலப்பக்கத்துல உக்காருங்க. என்ட பங்குல பாதிய நீங்க தின்னுங்க. நான் வட்டலப்பத்துப் பக்கம் கையக் கொண்டு போனா தட்டி விடுங்க. எனக்கு வேற யாரு ஈக்கிற?"

மர்ஸூக் சரி என்றார். அவர் செய்த நல்ல காரியங்களிலேயே யோசிக்காமல் செய்தது அது ஒன்றுதான்.

அன்று தொடங்கியது. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் இருவரும் பதுளு ஓயாப் பாலம் வரை நடந்து திரும்புவார்கள். முதல் நாள் காமில் மூன்று இடத்தில் மதகுக் கட்டில் உட்கார்ந்தார். "என்ன வுட்டுட்டு நீங்க போங்க" என்று கூடச் சொன்னார். மர்ஸூக் போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னார். மூன்றாம் மாதம் உட்காராமலே போய் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடை திறப்பதற்கு முன் நிறுவை. ஆளை நிறுக்கும் இயந்திரத்துக்கு எங்கே போவது? கடை உத்திரத்தில் தொங்கிய அரிசித் தராசின் ஒரு தட்டில் காமில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்பார். மூட்டை தூக்கும் அழகர் மறு தட்டில் கல் வைப்பார். அழகர் தோட்டத்து லயத்திலிருந்து வந்த மனிதர். வாயைத் திறக்கமாட்டார் என்று நம்பி அவருக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். முதல் வெள்ளி இருநூற்று அறுபத்தெட்டு றாத்தல். ஏழு மாதத்தில் இருநூற்று முப்பத்தொன்று. புண் ஆறித் தோல் மூடியது. பச்சை வாரில் புதிதாக நாலு ஓட்டை விழுந்தது.

அதே தராசில் மர்ஸூக் ஏறினால் பத்தொன்பது றாத்தல் கூடியிருந்தது. "பெரிய மொதலாளி எறக்கி வச்சத சின்ன மொதலாளி தூக்கிக்கிட்டாருங்க" என்று அழகர் சொல்ல, மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சிரிப்பெல்லாம் கடைக்குள்தான். வெளியே மர்ஸூக்கின் பேர் கெட்டுப்போயிற்று. பெரிய மனிதனின் பங்கில் கை விட்டு அள்ளுகிறவன் என்று ஊர் பேசியது. 'வயித்தான் மர்ஸூக்' என்று பட்டம் வைத்தார்கள். மவ்லிது வீட்டுப் பெண்கள் பக்கத்தில் அதைக் கேட்டுவிட்டு வந்த ஸகீனா, "வீட்டுல நான் ஒங்களுக்கு சோறு போடுறல்லையா?" என்று அழுதாள். மர்ஸூக்குக்கு வலித்தது. ஆனாலும் அடுத்த வாரமும் அதே வலப்பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்த ஏழு மாதத்து மர்ஸூக்கைப் பற்றி எவனும் குறை சொன்னால் என் மனம் ஒப்பாது.

பண்டாரவளைச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா ஜுனைதீன் ஹாஜியார், சபையில் குரலை உயர்த்திப் பேசிப் பழகிய மனிதர். கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நடந்து போகும்போது காமில் கேட்டார். "அன்டைக்கி என்ன செய்ற, மச்சான்? நீங்க பொண்ணு வீட்டுக்காரன். சஹன்ல உக்கார மாட்டீங்க. என்ன மாப்பிள்ளட சஹன்லதான் வைப்பாங்க."

"நான் சுத்திக்கிட்டுத்தான் நிப்பன். ஏலாம வந்தா தொப்பியத் தொடுங்க. உள்ளுக்க வேலன்னு ஒங்கள எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவன்."

"மறக்க மாட்டீங்களே?"

"என்ன மச்சான், சின்னப் புள்ளயா நான்?"

கலியாணத்தன்று வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். நிக்காஹ் நல்லபடி முடிந்தது. மகள் ஹம்ஸியா இன்னொருவர் வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். சஹன்கள் வந்தன. தோளில் சால்வையோடு மர்ஸூக் ஒவ்வொரு சஹனாகக் குனிந்து, "நல்லாத் தின்னுங்க, வெக்கப்படாம தின்னுங்க" என்று உபசரித்தார். வயித்தான் பட்டத்தை இன்றோடு கழுவிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. இந்த ஊர் தின்று தின்று களைக்க வேண்டும் என்று ஆட்டுக்கு மேல் ஆடு அறுத்திருந்தார்.

மாப்பிள்ளையின் சஹனில் காமில் பாதிச் சோற்றோடு கையை நிறுத்தியிருந்தார். ஜுனைதீன் ஹாஜியார் அதைப் பார்த்துவிட்டார். பெரிய இறைச்சித் துண்டு ஒன்றை அவர் பக்கம் தள்ளினார். காமில் சிரித்து மறுத்தார். ஹாஜியார் வட்டலப்பத்தைத் தள்ளினார். அதற்கும் மறுப்பு.

"என்ன, மாமாவுக்கு இந்தச் சம்பந்தம் புடிக்கல்லியோ? இல்லாட்டி பக்கத்துல மர்ஸூக் இல்லாம சோறு எறங்கலியோ?" என்று ஹாஜியார் சத்தமாகக் கேட்டார்.

நாலு சஹன் சிரித்தது. காமில் நிமிர்ந்து மர்ஸூக்கைப் பார்த்தார். வலது கை சோற்றில் இருந்தது. இடது கையை உயர்த்தித் தொப்பியைத் தொட்டார்.

மர்ஸூக் பார்த்தார். பார்க்கவில்லை என்று பிற்பாடு அவரால் ஒருநாளும் சொல்ல முடியவில்லை. ஒரு வார்த்தை போதும், "உள்ளுக்க வாங்க மச்சான்" என்று. ஆனால் மாப்பிள்ளை சஹனிலிருந்து தாய்மாமன் பாதியில் எழும்பினால் சபை என்ன நினைக்கும்? சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. முகம் சுட்டது. மர்ஸூக் குனிந்தார். தன் கையாலேயே அந்த இறைச்சித் துண்டை எடுத்துக் காமிலின் முன்னால் வைத்தார். வட்டலப்பத்தையும் நகர்த்தி வைத்தார்.

"இன்டைக்கி ஒரு நாளைக்கித் தின்னுங்க, மச்சான்" என்றார்.

காமில் தொப்பியிலிருந்து கையை எடுத்தார். மறுபேச்சுப் பேசாமல் தின்றார். முழுவதும் தின்றார். ஹாஜியார் கேட்டுக்கொண்டார் என்று இரண்டாம் தரமும் தின்றார். சபை சந்தோஷப்பட்டது. மர்ஸூக்கின் பேர் அன்று நிமிர்ந்தது.

ஒரு வேளைச் சாப்பாட்டில் யாரும் செத்துப்போவதில்லை. அது மர்ஸூக்குக்கும் தெரியும். அவரை அரிப்பது அடுத்து நடந்ததுதான். மறுநாள் சுபஹுக்குப் பள்ளிக்குப் போனவர், முன் வரிசையில் காமிலின் முதுகைக் கண்டதும் வெட்கம் பிடுங்கித் தின்ன, தொழுகை முடித்து ஸலாம் கொடுத்த கையோடு பின்வாசலால் வெளியேறினார். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாளைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வெள்ளிக்கிழமை அழகர் கடைவாசலில் வந்து நின்றார். "மொதலாளி வரச் சொன்னாருங்க, நிறுக்கணுமாம்." சம்பந்தி வீட்டார் வந்திருப்பதாக மர்ஸூக் சொல்லி அனுப்பினார். அடுத்த வெள்ளி சரக்கு வந்திருந்தது. மூன்றாம் வெள்ளி தலைவலி. அதற்குப் பிறகு அழகர் வரவில்லை. விருந்துகளில் மர்ஸூக் வேறு சஹன் பார்த்து உட்கார்ந்தார்.

ஊரும் காமிலும் ஒன்றாகிவிட்டார்கள். "இன்டைக்கி ஒரு நாளைக்கி" என்பதை ஒவ்வொரு விருந்திலும் காமிலே சொல்லிச் சிரிப்பதாக மர்ஸூக் கேள்விப்பட்டார். பச்சை வார் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. ஐந்தாம் மாதம் புண் மறுபடி வாய் திறந்தது. ஸகீனா சத்தம் போட்டு இழுத்துக்கொண்டு போன அன்றுதான் மர்ஸூக் மச்சானின் கட்டிலருகே போனார். கால் கறுத்திருந்தது. வெட்டச் சொல்லி டாக்குத்தர் சொல்லியாயிற்று, காமில் சம்மதிக்கவில்லை.

மர்ஸூக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். காமில் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெலிஞ்சிட்டீங்க, மச்சான்" என்றார்.

குத்திக்காட்டவில்லை. உண்மையான கவலையோடு சொன்னார். அதை விட அவர் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் கண்டு காமில் மௌத்தானார். மையித்தைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கிவிட்டு வந்த மாலை, பூட்டிய கடைவாசலில் அழகர் தனியாக உட்கார்ந்திருந்தார். மர்ஸூக் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க வராம விட்டப்பறமும் வெள்ளிக்கெழம ஏறி நிப்பாருங்க" என்றார் அழகர். "கல்லு வைக்கட்டுமான்னு கேப்பேன். மச்சான் வரட்டும், அவரு இல்லாம எனக்குப் பாக்கப் பயமா இருக்குன்னுவாரு. கொஞ்ச நேரம் சங்கிலியப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு. அப்பறம் எறங்கிருவாரு. ரெண்டு மாசம் அப்பிடி நின்னாருங்க."

மர்ஸூக் வாய்விட்டு அழுதார். அவருடைய கடைக்கும் அந்தக் கடைக்கும் நடுவே மூன்று கடைகள்தான் இருந்தன.

நாற்பதாம் நாள் கத்தத்துக்குப் பண்டாரவளையிலிருந்து ஜுனைதீன் ஹாஜியாரும் வந்தார். ஒரே சஹனில் மர்ஸூக்குக்கு எதிரே உட்கார்ந்தார். மர்ஸூக்கின் இடப்பக்கத்தில் யாரோ எல்ல ஊர்ப் பக்கத்து மனிதர். பாத்திஹா ஓதி முடிந்து எல்லோரும் கை வைத்தார்கள். பேச்சில்லாமல் பாதி தின்றிருப்பார்கள். மர்ஸூக்கின் கை தானாக இடப்பக்கம் போய் அந்த மனிதரின் பங்கிலிருந்து ஒரு பிடி அள்ளியது.

அந்த மனிதர் திகைத்தார். மற்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். ஜுனைதீன் ஹாஜியார் பெருந்தன்மையோடு தன் முன்னால் இருந்த துண்டை எடுத்து மர்ஸூக் பக்கம் வைத்தார். "அவர்ட பங்கு எதுக்கு, சம்பந்தி? இதத் தின்னுங்க."

மர்ஸூக் கையிலிருந்த பிடியைப் பார்த்தார். நிக்காஹ் அன்றைக்கே முடிந்துதானே இருந்தது. மச்சானின் வருத்தத்தை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் யாரும் பெண்ணைத் திருப்பி அனுப்பியிருக்கப் போவதில்லை. இத்தனை நாளும் இதைத்தான் அவர் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தார்.

"அவருக்கு சீனி வருத்தம், ஹாஜியார்" என்றார் மர்ஸூக். குரல் பக்கத்துச் சஹன்களுக்கும் கேட்டது. "இது தின்ன ஏலா. வற்புறுத்தாதீங்க."

ஹாஜியார் எல்லப் பக்கத்து மனிதரைப் பார்த்தார். அவர் தனக்கு ஒன்றுமில்லை என்று தலையாட்டினார்.

"யாருக்கு, சம்பந்தி?"

"காமில் மச்சானுக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. மர்ஸூக் அந்தப் பிடியை வாயில் வைத்து மென்று விழுங்கினார். பிறகு இன்னொரு பிடிக்காக இடப்பக்கம் கை நீட்டினார்.