தூணில்லாத கூரை

அந்தப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் கட்டடத்தைப் பார்த்து மூக்கின் மேல் விரல் வைக்காதவர் கிடையாது. நாடு அப்போதுதான் சொந்தக் காலில் நிற்கப் பழகியிருந்தது. நாமும் அணுவைப் படிப்போம் என்று வீம்பாகக் கட்டிய முதல் கட்டடம் அது. முந்நூறு பேர் உட்காரும் விரிவுரைக் கூடம், நடுவில் ஒரு தூண் கிடையாது. மேலே நாலு அங்குலக் கனத்தில் வளைந்து போகும் கான்கிரீட் கூரை. ஜன்னல்களுக்கு வெளியே வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் சாய்வுப் பலகைகள். அடேயப்பா, இன்றைக்குக் கட்டுகிற கண்ணாடிப் பெட்டிகளை இதன் பக்கத்தில் நிறுத்தவே கூசும்.

அதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்க்க ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. கூரை உறுதியாக இருக்கிறது என்று பொறியாளர் எழுதித் தரவேண்டும். அந்தப் பொறியாளருக்கோ இது வெறும் வேலையில்லை. அறுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மேற்பார்வையாளராகக் கூடவே நின்று அந்தக் கூரையைக் கட்டியவர் அவளுடைய அப்பா.

கூரையில் துளை போட்டு எடுத்த கான்கிரீட் உருளைகளைச் சோதனைக்கூடத்தில் நசுக்கிப் பார்த்தார்கள். தாங்கும் பலம் குறைந்தது இருபது என்று வரவேண்டிய இடத்தில், கிழக்குப் பக்கத்து உருளை ஒன்பதிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. நம்பமுடியாமல் அவள் இன்னொன்று எடுத்தாள். அதுவும் ஒன்பதுதான். உள்ளதை எழுதினால் கட்டடம் இடிபடும், அப்பாவுக்குச் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே பெருமையும் போய்விடும். மேற்குப் பக்கத்தில் வந்த முப்பதை மட்டும் எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது? பாழாய்ப்போன மனசு அப்படியும் யோசித்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எண்பத்தொன்பது வயசு.

"என்னம்மா, எவ்வளவு வந்துச்சு?"

"நல்லாத்தான் வந்திருக்குப்பா. முப்பது."

"கிழக்குப் பக்கமுமா?"

பையை ஆணியில் மாட்டுகிற சாக்கில் அவள் திரும்பிக்கொண்டாள்.

"கிழக்குப் பக்கம் கான்கிரீட் போட்ட அன்னிக்கு மழை கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சு. கலவை முழுக்கத் தண்ணி. நிறுத்துங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சேன்னு வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல. அங்க எப்படிம்மா முப்பது வரும்?"

"ஒன்பதுப்பா. இடிச்சிடுவாங்கப்பா." அவள் அழுதேவிட்டாள்.

"நாளைக்கு அங்க வகுப்பு இருக்கா?"

"காலையிலயே இருக்கு. முந்நூறு பேரு."

"அப்ப இப்பவே போன் போட்டுப் பூட்டச் சொல்லு."

சொன்னாள். அவள் போனை வைத்ததும் அவர் மறுபடி ஆரம்பித்தார்.

"அறிக்கையில காரணம்னு ஒரு இடம் வருமே. அங்க மழை மேல பழியைப் போட்டுடாத. என் பேரை எழுது."

அவர் முன்னாலேயே உட்கார்ந்து எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். அதில் இனிஷியலாக நின்றதும் அவர் பேர்தான்.